பிழைப்பை விடாமல் இறையியல்

பகுதிநேர இறையியல் படிப்பைப் பற்றி மலர்களில் எழுதுகிறவர்கள், பவுல் கூடாரம் தைத்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கி அவர் அந்தத் தொழிலைச் செய்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆகவே அதை விட்டுவிட்டு 1563ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டில்தான் திரெந்துப் பொதுச்சங்கம், குருமாணவர்களைச் சேர்த்து வளர்க்க மறைமாவட்டந்தோறும் செமினரி வேண்டும் என்று விதித்தது. வீட்டையும் தொழிலையும் விட்டு விடுதியில் தங்கிப் படித்துக் குருவாகும் முறை பொது நெறியானது அதற்குப் பிறகுதான். முந்தைய நூற்றாண்டுகளில் ஊர்க் குருமார் பெரும்பாலும் மூத்த குருவோடு கூட இருந்தே கற்றார்கள். 'வேலை பார்த்துக்கொண்டே படித்தவர் முழுக்குருவா?' என்று நம் சபைகளில் இன்றும் கேட்கிறவர்கள், பிந்தி வந்த முறையை ஆதிமுறை என்று எண்ணிக்கொண்டு கேட்கிறார்கள்.

தமிழ்ச் சபையின் கதையும் இதைத்தான் சொல்கிறது. மிஷனெரி சீகன்பால்க் ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். பத்தாண்டுக்குள், 1716இல், அங்கே ஒரு செமினரியும் வந்துவிட்டது. ஆனால் புராட்டஸ்டண்ட் சபைகளின் முதல் இந்தியக் குருவான ஆரோனை உருவாக்கியது வகுப்பறை மட்டுமல்ல. கடலூர்க்காரரான அவர் 1718இல் திருமுழுக்குப் பெற்றார். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். உபதேசியாராக ஊர் ஊராக அலைந்தார். குருப்பட்டம் பெற்றது 1733 டிசம்பரில். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளும் அவருக்குப் படிப்புக் காலம்தான். தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரிடம் உபதேசியாராக இருந்து பாளையங்கோட்டைச் சபையை வளர்த்த சத்தியநாதனுக்கு 1790இல் பட்டம் கிடைத்ததும் இதே வழியில். அவருடைய பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சேறியது. தரம் போதாது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி மிஷன் இதை ஓர் ஒழுங்காகவே ஆக்கிக்கொண்டது. உபதேசியார் வார நாட்களில் பள்ளிக்கூடம் நடத்துவார், காலையும் மாலையும் ஜெபத்துக்கு மணி அடிப்பார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார். குறித்த நாட்களில் எல்லாரும் மிஷனெரியின் பங்களாவில் கூடி, போன ஊர்களைப் பற்றிய அறிக்கையைச் சொல்லி, அடுத்த பாடத்தைக் கேட்டுத் திரும்புவார்கள். அந்த மிஷனின் ரேனியஸ் ஐயர் தமிழில் எழுதிய இறையியல் நூல் இப்படிப்பட்டவர்களின் கைக்குத்தான் முதலில் தேவைப்பட்டது. வீடு வீடாகப் போன வேதாகமப் பெண்களும் வேலையில் இருந்தபடியே கற்றவர்கள். அவர்கள் படித்ததை யாரும் படிப்பு என்று கணக்கில் எழுதவில்லை.

இந்த வழியில் இருந்த குறை, அளவுகோல் முழுக்க மிஷனெரியின் கையில் இருந்ததுதான். ஒருவர் தேறினார் என்று ஐயர் சொன்னால் தேறினார்; இல்லையென்றால் கடைசிவரை உபதேசியார்தான். அதற்கு மாற்றாக வந்தது தேர்வு. மிஷனெரிகளான கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் சாசனம் கொடுத்தார். அந்த உரிமை நெடுங்காலம் பயன்படாமலே கிடந்தது. முதல் பி.டி. இறையியல் பட்டங்கள் வந்தது 1915இல். 1918ஆம் ஆண்டுச் செராம்பூர் கல்லூரிச் சட்டம், தேர்வுகளையும் பட்டங்களையும் கவனிக்கும் செனட்டுக்கு வடிவம் கொடுத்தது. லுத்தரன், ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட், மார்த்தோமா என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் என்பது சின்ன சாதனையல்ல. கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கென்று அந்தச் செனட் பி.சி.எஸ். என்ற கிறிஸ்தவ இயல் பட்டத்தையும் வைத்திருக்கிறது. வங்கியில் இருப்பவரும் பள்ளித் தலைமையாசிரியையும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிற தேர்வு அது.

ஆனால் தேர்வு அளப்பது எழுதத் தெரிந்ததை மட்டும். தனியாக உட்கார்ந்து பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்து, யாரோடும் ஒரு வசனத்தைப் பற்றிக்கூட வாதிடாமல் பட்டம் வாங்கிவிடலாம். அஞ்சல்வழிப் படிப்பு எல்லாவற்றுக்கும் பொதுவான நோய் இது. வேதாகமத்தைத் தனியாகப் படிப்பதால் வரும் ஆபத்து, வரலாற்றைத் தனியாகப் படிப்பதால் வருவதைவிடப் பெரிது. தன் கருத்தையே தேவசித்தம் என்று எண்ணிவிடலாம் அல்லவா?

இதற்கு மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் செமினரியில் படித்து முடித்தவர்கள் கிராமத்துக்குத் திரும்புவதில்லை. கிராமத்தில் சபையைத் தாங்கியவர்களோ நாற்பது வயதைத் தாண்டிய விவசாயிகள்; நிலத்தையும் குடும்பத்தையும் விட்டு விடுதிக்கு வரமாட்டார்கள். செமினரியைத் தலைநகரிலிருந்து சான் ஃபெலிப்பே என்ற சிற்றூருக்கு மாற்றிப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. 1963இல் ஆசிரியர்களே புறப்பட்டுப் போனார்கள். ரால்ஃப் வின்டர், ஜேம்ஸ் எமரி, பின்னர் ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் வளர்த்த முறை எளியது: மாணவர் வாரம் முழுவதும் வீட்டில் பயிற்சிநூலைப் படிப்பார், சபையில் வேலை செய்வார், வாரம் ஒருநாள் அருகில் உள்ள மையத்தில் ஆசிரியரோடு கூடுவார். அவரவர் பள்ளிப்படிப்புக்கு ஏற்ப வெவ்வேறு படிகள் இருந்தன. டெட் வார்டு என்ற கல்வியாளர் இதை ஒரு மரவேலிக்கு ஒப்பிட்டார்: படிப்பு ஒரு குறுக்குக் கம்பு, ஊழிய அனுபவம் இன்னொன்று, இரண்டையும் பிடித்து நிறுத்தும் நட்ட கால்கள் வாராந்தரக் கூட்டங்கள்.

விரிவாக்க இறையியல் என்ற பெயரில் இந்த முறை இந்தியாவுக்கு வேகமாக வந்தது. 1971இல் பெங்களூரில் டாஃப்டி சங்கம் தொடங்கி, தமிழ் உட்படப் பல மொழிகளில் பாடங்களை ஓட்டியது. ஆரம்பகாலப் பயிற்சிநூல்களின் அமைப்பே வேடிக்கை: சிறு பத்தி, உடனே ஒரு கேள்வி, ஓரத்தில் விடை. விடையை அட்டையால் மூடிக்கொண்டு எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு ஏற்றது என்று சிலர் சிரித்தார்கள். பள்ளியை விட்டு இருபது வருடம் ஆனவருக்குப் பேனாவைக் கையில் பிடிக்க வைத்தது அந்த அட்டைதான்.

நான் உட்கார்ந்து கேட்ட இத்தகைய ஒரு மாலைக் கூட்டத்தில் மத்தேயு 20, திராட்சத்தோட்டக் கூலியாட்களின் உவமை. பிந்தி வந்தவருக்கும் முழுக்கூலி கொடுத்தது நியாயமா என்பது கேள்வி. டியூஷன் எடுக்கும் ஆசிரியை அது கிருபை என்றார். வகுப்பை நடத்திய வழிகாட்டியும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார். கட்டட மேஸ்திரி ஒருவர் மட்டும் தலையை ஆட்டினார். "ஐயா, காலையில முக்குல நிக்கிற ஆளுங்கள்ல முதல்ல இளவட்டத்தைத்தான் கூப்பிடுவோம். சாயங்காலம் அஞ்சு மணிவரைக்கும் நிக்கிறவன் சோம்பேறி இல்ல. கிழவனா இருப்பான், இல்ல சீக்காளியா இருப்பான். அவனுக்கும் வீட்டுல உலை வைக்கணும்ல?" வழிகாட்டி தன் குறிப்புத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அதன் பிறகு ஒரு மணி நேரம் மேஸ்திரிதான் பாடம் நடத்தினார்.

முழுநேரக் கல்லூரியிலும் இதை ஒத்த ஒரு முயற்சி நடந்தது. 1969இல் மதுரை அரசரடியில் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தன் மாணவர்களை வளாகத்துக்கு வெளியே ஏழைகள் வாழும் பகுதிகளில் குடியிருந்து படிக்க அனுப்பியது. அங்கே கல்லூரி மாணவர் தெருவைத் தேடிப் போகிறார். மாலை வகுப்பு மாணவரோ தெருவிலிருந்துதான் வருகிறார்.

இங்கிலாந்திலும் இந்த மாலை வகுப்புகளுக்கு ஓர் இணை உண்டு. 1960இல் சதக் பேராயத்தில் மெர்வின் ஸ்டாக்வுட்டும் ஜான் ராபின்சனும் தொடங்கிய பயிற்சியில், வேலையை விடாமல் மாலையிலும் வாரக் கடைசியிலும் படித்தவர்கள் குருக்களானார்கள். பல பேராயங்கள் அதைப் பின்பற்றின. அங்கே படிப்பின் முடிவில் குருப்பட்டம் காத்திருந்தது. நம்மிடம் பெரும்பாலும் சான்றிதழோடு கதை நின்றுவிடுகிறது.

தரம் என்றால் என்ன என்ற கேள்விக்கு நான் ஒரே ஒரு அளவைத்தான் ஏற்பேன்: வாரந்தோறும் கூடுகிறார்களா? எபிரெயு, கிரேக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு சொல்லின் வேரைத் தேடத் தெரியாதவர் பிரசங்க பீடத்தில் யாரோ சொன்னதைத்தான் ஒப்பிப்பார். ஆனால் மொழியைப் பின்னாலும் கற்கலாம். மேஸ்திரியின் குறுக்குக்கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகாத குருவுக்கு அதைப் பிறகு யாரும் கற்றுத்தர முடியாது. கூடுகையைச் சுமை என்று குறைத்து, மாதம் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முகாம் என்று சுருக்கிக்கொண்ட மையங்களில் மாணவர் எண்ணிக்கை கூடலாம். அங்கே நடப்பதைப் பயிற்சி என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வடசீனாவில் ஊழியம் செய்த ரோலண்ட் ஆலன், சம்பளம் வாங்காத குருமார் வேண்டும் என்று வாதிட்டு 1930இல் ஒரு நூலே எழுதினார். அவர் கேட்டது, சொந்தத் தொழிலில் இருப்பவருக்கு முழுக்குருத்துவம். நம் சபைகள் அதிலிருந்து சம்பளமின்மையை மட்டும் எடுத்துக்கொண்டதாகவே தோன்றுகிறது. ஒரு சேகரத்தில் பத்துப் பன்னிரண்டு கோயில்கள், ஓர் ஆயர். அவர் வரும் ஞாயிறுதான் திருவிருந்து. மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவர் நாலைந்து ஆண்டு மாலை வகுப்பில் படித்தவராக இருந்தாலும் அப்பம் பிட்க அவருக்கு அனுமதி இல்லை. கௌரவ ஆயர் என்று பட்டம் கொடுத்த இடங்களிலும், ஆயர்கள் கூடும் அறையில் அவருடைய நாற்காலி எந்த வரிசையில் என்பதைப் பார்த்தால் போதும்.