எல்லையை வலம் வருதல்

தமிழ்நாட்டு எல்லையை மோட்டார் சைக்கிளில் சுற்றிவர யாராவது வழி போட்டுக் காட்டினால், அதில் நான் முதலில் தேடுவது அஞ்செட்டியை. சேலத்துக்காரர் ஓசூர் போவதற்கு யோசிப்பதே இல்லை. தொப்பூர் ஏறி, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று 44-ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே போய் நிற்பார். ஊர் போய்ச் சேர அது நல்ல சாலை. எல்லைச் சுற்றுக்கு ஆகாது. மேட்டூரிலிருந்து மேச்சேரி, பென்னாகரம் வந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கி, அங்கிருந்து நாட்ராம்பாளையம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை என்று காட்டுவழியே ஓசூர் ஏறுகிற திட்டமாக இருந்தால், போட்டவருக்கு விஷயம் தெரியும் என்று மதிப்பு வந்துவிடும். அந்த வழியில் இடது கைப்பக்கம் மலைச்சரிவுகளுக்குக் கீழே காவிரி வருகிறது, அக்கரை கர்நாடகம். நமக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் பிலிகுண்டுலு அங்கேதான் இருக்கிறது. செய்தித்தாளில் கன அடிக் கணக்காக மட்டும் படித்த பெயர், வழிகாட்டிப் பலகையில் அம்புக்குறியோடு நிற்கும்.

எல்லை என்பது சாலை இல்லை. அது மலை முகட்டில் ஏறும், ஆற்று நடுவில் ஓடும், வரப்பு வரப்பாக வளையும். வண்டி போகிற பாதை ஒன்று, எல்லைக்கோடு வேறொன்று. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது, எங்கே நெருங்குவது, எங்கே வேறு வழியின்றி விலகுவது என்பதை ஊர் ஊராகத் தீர்மானிப்பதுதான் இந்தக் கலை. கணினி வரைபடத்தில் நான்கு ஊர்களைத் தட்டினால் நான்கு வழிச்சாலையைக் காட்டிவிடும். குறைந்த நேரத்தில் போவதையே அது வழி என்று நினைக்கிறது. அதனால் நான் இன்னும் மாவட்ட வரைபடத் தாள்களைத் தரையில் விரித்துத்தான் உட்காருகிறேன். கொடுத்து வைத்தவர்களுக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று தாள்கள் கிடைக்கும். அவற்றில் ஒரு கிலோமீட்டர் இரண்டு சென்டிமீட்டர் நீளம். ஓடையும் கோயிலும் வண்டிப்பாதையும் அந்த அளவில்தான் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வலமாகத்தான். கோயிலை வலம் வருகிறவருக்கு மூலவர் வலது கைப்பக்கம் இருப்பதுபோல், மொத்தத் தமிழ்நாடும் நமக்கு வலது கையில் இருக்கும். இதில் பக்தி மட்டும் இல்லை, சாலை விதியும் இருக்கிறது. நம் நாட்டில் இடதுபுறம் ஓட்டுகிறோம். வலமாகச் சுற்றினால் கிழக்குக் கரையில் தெற்கு நோக்கிப் போகும்போது கடல் நம் பக்கத்தில் இருக்கும், மேற்கில் வடக்கு நோக்கி ஏறும்போது மலை நம் பக்கத்தில் இருக்கும். வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்க்க எதிர்த்தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அதில் ஏறலாம், இறங்கத்தான் தடை. கூடலூர், தெப்பக்காடு, மசினகுடி என்று வலமாக வந்தால் அது ஏற்றமாகவே வந்து வாய்க்கிறது.

வழியைத் தாளில் போட்டபின், அதை எடுத்துக்கொண்டு நாமக்கல் போக வேண்டும் என்பது என் கட்சி. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், எரிவாயு டேங்கர்கள், பக்கத்துச் சங்ககிரியின் லாரிகள், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் என்று இந்தச் சமவெளியே சாலையால் பிழைக்கிறது. TN 28, TN 34 பலகைகளை இந்தியாவின் எந்த மூலையிலும் பார்க்கலாம். அந்த வண்டிகளை ஓட்டியவர்களின் தலைக்குள் இருப்பது எந்த வரைபடத்திலும் கிடையாது. ஒரு பட்டறையில் வேப்பமர நிழலில், புதுச் சேஸிக்குக் கேபின் கட்டி முடியும் வரை காத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் என் தாளைக் கொடுத்தேன். அவர் கிலோமீட்டர் கணக்குப் பக்கமே போகவில்லை. அந்தியூரில் விரலை வைத்தார். “பர்கூர் ஏறோணும்னா வெளிச்சத்துலயே ஏறிப் போடுங்க தம்பி. பொழுது சாஞ்சா ஆனை ரோட்ல வந்து நிக்கும். நின்னா ஹாரன் அடிச்சுப் போடாதீங்க, என்ஜினை அமத்திட்டு அப்பிடியே நில்லுங்க.” அடுத்து விரல் திம்பத்துக்கு நகர்ந்தது. “27 திருப்பம். எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்குங்க. பிரேக்கை நம்பாதீங்க.” தொப்பூர் இறக்கத்தில் எரிபொருள் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்ட வண்டிகளின் கதையை நேரில் கண்டவர் சொல்கிற சொல் அது. “அதே கியர்” என்பதைத் திம்பம் ஊருக்கு நேராகப் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

அவர்களிடம் கற்கவேண்டிய இன்னொன்று, தூரத்தை நிறுத்தங்களாகப் பிரிப்பது. அடுத்த பெட்ரோல் பங்க் எது, டியூப் மாற்றித் தரும் கடை கடைசியாக எங்கே, ராத்திரியில் விளக்கு எரியும் சாப்பாட்டுக் கடை எது என்று மூன்று வரிசைகள். ஒரு 350 சிசி புல்லட்டின் டேங்க் 13 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 35 என்று வைத்தாலும் 450 கிலோமீட்டர் வரும். ஆனால் மலையில் அந்தக் கணக்கு நிற்காது. பென்னாகரத்தில் நிரப்பாமல் ஒகேனக்கல் இறங்கக் கூடாது, அந்தியூரில் நிரப்பாமல் பர்கூர் ஏறக் கூடாது. வண்டி எது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளட்ச் கேபிள் ஒன்று, டியூப் ஒன்று, செயினுக்கு எண்ணெய் இவை இருந்தால் நூறு சிசி வண்டியே இந்தச் சுற்றுக்குப் போதும்.

சேலத்திலிருந்து கிளம்புகிறவருக்கு இந்தச் சுற்றின் மேல் ஒரு பழைய உரிமையும் உண்டு. 1965 அக்டோபர் 2 அன்று தர்மபுரி மாவட்டம் பிரியும் வரை ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாமே சேலம் ஜில்லா. மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மைசூரையும் ஆந்திராவையும் தொட்டுக்கொண்டு நின்றது அந்தச் சேலம்தான். நாமக்கல் 1997-இல் பிரிந்தது. இன்றைய சேலம் மாவட்டத்துக்கு மிஞ்சிய மாநில எல்லை மேட்டூருக்கு மேலே கொளத்தூர் பக்கம் மட்டுமே. கோவிந்தபாடி, காரைக்காடு தாண்டினால் காவிரியில் சேரும் பாலாறு. அப்பால் மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் சாலை. என் திட்டத்தில் பூஜ்ஜியம் கிலோமீட்டர் அந்தப் பாலாற்றுப் பாலம். வாணியம்பாடிப் பக்கம் புல்லூரில் மாநிலத்துக்குள் நுழையும் பாலாறு வேறு. ஓசூர் தாண்டி, வேப்பனப்பள்ளியில் மூன்று மாநிலங்களும் நெருங்கி நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வரும்போது அதையும் எதிர்கொள்வோம்.

வடக்கு எல்லை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பலர் அதை ஒரே நாளில் ஓட்டித் தள்ளிவிடுகிறார்கள். இங்கே மலையோ ஆறோ பிரித்து வைத்ததல்ல எல்லை, மனிதர்கள் பேசிப் போராடி முடிவு செய்தது. குடியாத்தம், பரதராமி, கிறிஸ்டியான்பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி, ஊத்துக்கோட்டை என்று போகும்போது கடைப்பலகையில் தமிழும் தெலுங்கும் மாறி மாறி வரும். டீக்கடையில் இரண்டும் ஒரே வாயில் வரும். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்த பிறகும் திருத்தணி ஆந்திரத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தைத் தொடர்ந்து, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. மறுமுனையில் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்த நாள் 1956 நவம்பர் 1. நேசமணியும் அவரோடு நின்றவர்களும் வாங்கிக் கொடுத்த எல்லை அது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. இந்தத் தேதிகளைத் திட்டத்தின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு போனால், திருத்தணி மலைக்கோயிலோடு முடிந்துவிடாது. எதற்காக அங்கே வண்டியை நிறுத்தினோம் என்பது தெரியும்.

பழவேற்காட்டில் ஏரியே இரண்டு மாநிலங்களுக்கும் பொது. அங்கிருந்து கடல் தொடங்குகிறது. கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஆனால் திட்டம் போடுகிறவருக்கு அதில் வேலை குறைவு. எல்லையைக் கடலே போட்டுவிடுகிறது, ஒட்டிக்கொண்டு போனால் போதும். புல்லட் 1950-களிலிருந்து உருவாகி வந்த திருவொற்றியூர் இந்த வழியில் வருகிறது, ஓசூரில் டி.வி.எஸ். ஆலையைக் கடந்துதான் வந்திருப்போம். மோட்டார் சைக்கிள் பிறக்கும் இரண்டு ஊர்கள் ஒரு மோட்டார் சைக்கிள் சுற்றின் வழியிலேயே அமைந்திருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. சென்னை முதல் புதுச்சேரி வரை சீக்கிரம் கடந்துவிடலாம். காரைக்கால் தாண்டி, வேதாரண்யம், கோடிக்கரை சுற்றி, முத்துப்பேட்டை, கட்டுமாவடி, மீமிசல், தொண்டி என்று போகும் கரைதான் நிதானமாக ஓட்ட வேண்டியது. தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போனால் சுற்று முழுமையாகாது.

திட்டம் போடுகிறவரின் கைத்திறன் தெரிவது மேற்கில்தான். எல்லை முகட்டில் ஓடுகிறது, சாலைகளோ முகட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கேரளத்துக்குப் போகின்றன. புளியரை, குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு, ஒன்பதாறு, வாளையாறு, ஆனைகட்டி என்று ஒவ்வொரு கணவாயும் நம்மை அப்பால் இழுக்கும். தாண்டிப் போய் மூணாறு வழியாகச் சுற்றுகிறவர்கள் உண்டு, அழகான சாலைதான். ஆனால் எல்லைச் சுற்றின் ஒழுங்கு, தொட்டுத் திரும்புவது என்று நான் நினைக்கிறேன். சோதனைச் சாவடி வரை ஏறி, அடுத்த மாநிலத்தின் பலகையைப் பார்த்து, வந்த வழியே இறங்கி, அடிவாரத்தைப் பிடித்து அடுத்த கணவாய்க்குப் போக வேண்டும். தூரம் கூடும், நாள் கூடும். ஆனால் மலையின் முழு உருவமும் அப்போதுதான் மனதில் ஏறும்.

தொட்டுத் திரும்பும்போது நடுவில் உள்ள இடைவெளிகளை எப்படி இணைக்கிறார் என்பதில்தான் ஒருவர் நிபுணரா என்று தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு முகட்டோரமாகச் சாலை இல்லை. குறுக்கே வருசநாடும் மேகமலையும் நிற்கின்றன. எல்லோரும் உசிலம்பட்டி வந்து ஆண்டிபட்டி கணவாய் வழியாகத் தேனி போவார்கள். தெரிந்தவர் வத்திராயிருப்பு, சாப்டூர், எழுமலை என்று மலையடியை ஒட்டியே வந்து, மல்லப்புரத்திலிருந்து மயிலாடும்பாறைக்கு ஏறி இறங்கும் சின்ன மலைச்சாலையைப் பிடிப்பார். ஒரு விரல் நீளக் கோடு அது. அதைப் பார்த்தால் எனக்கு, ஆலாபனையில் ஒருவரும் எதிர்பாராத ஒரு பிடியைக் கேட்ட நிறைவு வரும்.

சில இடங்கள் எந்தத் திட்டத்துக்கும் அடங்காது. கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குப் போன பழைய சாலை மூடிக் கிடக்கிறது. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் ஜீப் போகும். கேரளத்துப் பரம்பிக்குளத்துக்கோ நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் சாலை. வால்பாறை 40 வளைவு ஏறி, அப்பால் மளுக்கப்பாறை வழியாகக் கேரளத்தில் இறங்கலாம்; நம் ஒழுங்குப்படி அதே 40 வளைவையும் திரும்ப இறங்கியாக வேண்டும். நான் அதைத் திட்டத்திலிருந்து எடுக்கமாட்டேன்.

நேரத்தையும் வழியைப்போலவே போட வேண்டும். வடக்கு எல்லையில் கிழக்கு நோக்கிப் போகிறோம்; காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். அதனால் அங்கே மதியத்துக்குமேல் அதிகம் ஓட்டுவது நல்லது. போடி, தென்காசி அடிவாரத்தில் இதற்கு நேர் எதிர்: சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் போய்விடும், சென்னையில் பளிச்சென்று இருக்கிற மாலை நேரத்தில் இங்கே சாலை நிழலில் இருக்கும். பந்திப்பூர் வழி இரவு ஒன்பது மணிக்கு மூடுகிறது. திம்பம் மலைச்சாலையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் தொல்லை என்று சிலர் சொல்வார்கள். யானைக்கும் புலிக்கும் இரவு வேண்டும். ஒரு நாளின் ஓட்டத்தை எங்கே முடிப்பது என்பதை அதுவே நமக்குத் தீர்மானித்துத் தருகிறது.

நீலகிரியிலிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, பவானிசாகர், பண்ணாரி, திம்பம் ஏறி, ஆசனூர், தாளவாடி வரை போய்த் திரும்புவதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். மலைக்கு அந்தப்புறம், கன்னடம் புழங்கும் சமவெளி அது, ஆனாலும் நம் ஈரோடு மாவட்டம். பிறகு சத்தியமங்கலம், அந்தியூர், பர்கூரைத் தொட்டு இறக்கம், அம்மாபேட்டை, மேட்டூர்.

புறப்படும் தேதியைக் கடைசியில் குறிக்க வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கே மழை, முப்பந்தலில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரை முழுக்கப் புயல் பயம். மாசி கடந்தால் காடு காய்ந்து தீப்பிடிக்கும் காலம். மிஞ்சுவது தை. காணும் பொங்கலன்று ஒகேனக்கல்லில் கால் வைக்க இடம் இருக்காது, அமாவாசையன்று மாதேஸ்வரன் மலைச் சாலை நிரம்பி வழியும். இரண்டையும் தவிர்த்து, பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஒரு வார நாள், விடிகாலை ஐந்து மணிக்கு மேட்டூர் சாலையில் ஓமலூரைத் தாண்டிவிட வேண்டும்.