பட்டறையிற் பிறந்த நாதம்

ஹெவி மெற்றல் எனப்படும் இசையை வெறுங் கூச்சலென ஒதுக்குவோர் கற்றோரிடையே பலர். எத்தகைய சமுதாயச் சூழல் அவ்வோசையைப் பிறப்பித்தது என்று வினவாது, செவிக்கு இனிதா அன்றா என்று மட்டும் தீர்ப்புரைப்பது விமர்சனமாகாது. அவ்விசையின் முன்னோடிகளாகிய 'பிளக் சபத்' குழுவினரின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

1968 இல், இங்கிலாந்தின் தொழில் நகரான பேர்மிங்ஹாமில் இக்குழு உருவாயிற்று. பாடகர் ஒஸி ஒஸ்போர்ண் இறைச்சிக்காக விலங்குகளை அறுக்குங் கொல்களத்தில் வேலை செய்தவர். கிற்றார்க் கலைஞர் ரொனி ஐயோமி, தமது 17ஆவது வயதில், உலோகத் தகட்டுத் தொழிற்சாலையிலிருந்து விலகவிருந்த நாளிலேயே வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்துங் கை அதுவே. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறை செய்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971 இல் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டிற் சுருதியைத் தாழ்த்தித் தந்தியின் இறுக்கத்தையுந் தளர்த்தினார். பின்னர் உலகெங்கும் மரபாகிவிட்ட அக்கனத்த நாதத்திலே தொழிற்சாலைக் காயத்தின் சுவடு உண்டு.

ஆயின், விபத்தே கலையைப் படைத்தது என்பது வரட்டு வாதம். ஆலைகளில் விரலிழந்தோர் எண்ணற்றோர். இழப்பை உருவமாக மாற்றியது கலைஞனின் உழைப்பேயாகும். 1970 பெப்ரவரியில் வெளியான முதல் இசைத்தட்டின் தலைப்புப் பாடல், நம் இசை மொழியிற் கூறின், சட்சத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடைப்பட்ட தொலைவை மெதுவாக, மீண்டும் மீண்டும் ஒலித்து அச்சத்தைப் புலப்படுத்துகிறது.

அதே ஆண்டில் வந்த 'பரனோயிட்' இசைத்தட்டிலுள்ள 'வோர் பிக்ஸ்' வியற்நாம் போர்க்காலத்தின் குரல். போரை மூட்டுவோர் ஒளிந்திருக்க, மடிபவர் ஏழைகளே என்று அது குற்றஞ்சாட்டுகிறது. எனினும் தண்டனையை இறுதித் தீர்ப்பு நாளுக்கு விட்டுவிடுகிறது. பகைவனை இனங்கண்ட பாடல், அவனை எதிர்க்கும் மக்கள் சக்தியைக் காணவில்லை. இதுவே அதன் எல்லை.

விமர்சகர் பலர் எள்ளி நகையாடினர். இளைஞரோ அவ்விசைத்தட்டைப் பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு உயர்த்தினர். அமெரிக்காவின் 'மெற்றாலிக்கா' முதலிய குழுக்கள் இவ்வழியிற் கிளைத்தவை. பின்வந்தோருட் பலர் திகிற் கோலத்தைப் பற்றிக்கொண்டு சமுதாயச் சினத்தைக் கைவிட்டனர். சந்தைக்கு உவப்பானது கோலமேயன்றோ?

2025 ஜூலை 5 இல், தாம் வளர்ந்த அஸ்ரன் பகுதியிலேயே குழுவினர் இறுதியாகப் பாடினர். 22 இல் ஒஸ்போர்ண் காலமானார். உழைக்கும் மக்களின் வேதனை எப்போதும் இனிய பண்ணாகவே வெளிப்படும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை உண்டு?