அம்மியின் சொரசொரப்பு

சேலம், நாமக்கல் சமவெளியில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. நாமக்கல் கோட்டையே ஒற்றைப் பாறையின் உச்சியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்துச் சமையற்கட்டுக்கு அம்மி தேர்வதில் முதல் வேலை காதுக்கு. குழவியால் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும்; உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மந்தமாகும். அடுத்த வேலை விரலுக்கு: பொடி உதிராத, சீரான சொரசொரப்பு தட்டுப்பட வேண்டும். குழவி இரு கைக்கும் அடங்கி, தன் கனத்தாலேயே பாதி வேலையைச் செய்ய வேண்டும்.

புதிதாகக் கொத்திய கல்லில் தவிட்டையும் ஊறிய அரிசியையும் திரும்பத் திரும்ப அரைத்து, மணல் நெருடுவது நிற்கும்வரை கழுவுவார்கள். பிறகுதான் மிளகாய், மல்லி, தேங்காய். நீர் தெளித்து இழுக்க இழுக்க, கரகரப்பு மெல்ல அடங்கி விழுது வெண்ணெயாகத் திரளும். அதிகம் சூடேறாததால் மணமும் அதிலேயே தங்கும். கொல்லிமலை மிளகுக்கும் கல்லுப்புக்கும் குழிந்த சிறு இடிகல் போதும். சிதறாமல் நறநறவென்று உடையும். உப்பு ஈரம் இழுக்கும் என்பதால், இடித்ததும் கல்லைத் துடைத்துவைப்பது நல்லது. தேய்ந்து வழவழத்த அம்மியை உளியால் மறுபடி கொத்தினால், அது அடுத்த தலைமுறைக்கும் அரைக்கும்.