அசிமோவின் இயந்திர ஆசிரியர்: ஒரு மதிப்பீடு

வாசகர்களே, நம் கொள்ளுப்பேரர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? அமெரிக்க விஞ்ஞானக் கதையாசிரியர் ஐசக் அசிமோவ் 1951-ஆம் ஆண்டிலேயே எண்ணிப் பார்த்தார். அதன் விளைவுதான் 'தி ஃபன் தே ஹேட்' என்னும் சிறுகதை. சிறுவர்களுக்கென எழுதப்பட்ட இக்கதை சில பக்கங்களே கொண்டது. என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் முதல் பாடமாக இடம்பெற்றதால், நம் நாட்டு மாணவர்கள் பலரும் இதை அறிவார்கள். வருங்காலத்தைச் சரியாகச் சொன்ன கதை என்று இதனைப் புகழ்வது வழக்கம். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

கதை நடப்பது 2157-ஆம் ஆண்டில். மார்ஜிக்கு வயது 11, டாமிக்கு 13. டாமி தன் வீட்டுப் பரணில் காகிதத்தில் அச்சிட்ட பழைய புத்தகம் ஒன்றைக் கண்டெடுக்கிறான். முற்காலத்தில் பள்ளிக்கூடம் என ஒரு கட்டடம் இருந்தது, அங்கே ஒரு மனிதர் பாடம் சொன்னார் என்று அதில் படித்து இருவரும் வியக்கிறார்கள். ஏனெனில் மார்ஜியின் பள்ளி அவள் படுக்கையறைக்கு அடுத்த அறை. ஆசிரியர் ஓர் இயந்திரம். பாடம் திரையில் தோன்றும். வீட்டுப்பாடத்தைத் துளைக் குறியீட்டில் எழுதி ஒரு துவாரத்தில் செருக வேண்டும். மதிப்பெண் உடனே வந்துவிடும். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அக்காலப் பிள்ளைகள் ஒன்றாகக் கூடிச் சிரித்திருப்பார்களே என்று அவள் ஏங்குவதுடன் கதை முடிகிறது.

சரியாகச் சொன்னது எது?

திரையில் பாடம், திரையில் நூல், நொடியில் மதிப்பெண் ஆகிய மூன்றும் பலித்துவிட்டன. ஹார்வார்டு பல்கலைக்கழக உளவியலறிஞர் ஸ்கின்னர் தம் போதனை இயந்திரத்தைப் பற்றி எழுதியது 1954-இல். கதை அதற்கும் மூன்றாண்டு முந்தியது. துளைக் குறியீடு மட்டும் மறைந்துபோயிற்று. அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய கணிப்பொறிகளுக்குத் துளையிட்ட அட்டைகளில்தான் செய்தி சொன்னார்கள்.

கதையில் வரும் முரண்பாடு ஒன்று மிகவும் கூர்மையானது. ஒவ்வொரு குழந்தையின் மனத்திற்கும் ஏற்ப ஆசிரியரைப் பொருத்த வேண்டும் என்பது மார்ஜியின் தாயார் சொல்லும் கொள்கை. ஆனால் அவள் பூகோளத்தில் பின்தங்கியபோது பழுதுபார்க்க வந்த அதிகாரி என்ன செய்கிறார்? பாடத்தின் வேகத்தைப் பத்து வயதுக் குழந்தைகளின் சராசரிக்குக் குறைத்து வைத்துவிட்டுப் போகிறார்! 'உனக்கே உனக்கென்று' விற்கப்படும் பாடம் உண்மையில் சராசரிக்கு வெட்டிய சட்டை என்பதை அசிமோவ் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

இஸ்திரிப் பெட்டி சொல்லும் பாடம்

இனி, கதை காணத் தவறியதைப் பார்ப்போம். அதற்கு உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு ஒன்று உண்டு. சூடு ஏறினால் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறினால் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். இதனைப் பின்னூட்டம் என்கிறோம். இங்கே இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, அந்தத் தகடு அறிவது சூட்டை மட்டுமே. கீழே இருப்பது பட்டா, பருத்தியா என்று அதற்குத் தெரியாது. இரண்டாவது, எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்று குமிழைத் திருப்பி வைப்பவர் நாம்.

கற்பிக்கும் இயந்திரமும் இத்தகையதே. துவாரத்தில் விழும் விடையை அது அறியும். விழிக்கும் கண்களை அறியாது. அசிமோவ் இதுவரை வந்தார். ஆனால் அவர் கதையில் குமிழ் அரசு அதிகாரியின் கையில் இருக்கிறது. அவருடைய நோக்கம் குழந்தை பூகோளம் கற்பதுதான். இன்று குழந்தையின் கையிலுள்ள கைபேசியிலோ, பல செயலிகள் அளப்பது அது எவ்வளவு நேரம் திரையைப் பார்த்தது என்பதை. விளம்பர வருவாய் அந்த நேரத்தைப் பொறுத்ததாயிற்றே! அளக்கப்படுவது எதுவோ அதுதான் வளரும். கதையில் மார்ஜி தன் இயந்திரத்தை வெறுக்கிறாள். நம் பிள்ளைகளோ தங்கள் இயந்திரத்தைக் கீழே வைக்க மறுக்கிறார்கள். பெட்டியை முன்கூட்டிக் கண்ட அசிமோவ், பெட்டிக்காரனைக் காணவில்லை. யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, இக்கருவி யாருடைய நிபந்தனைப்படி இயங்குவது என்ற கேள்வியைத் தன் தலைப்பிலேயே வைத்தது பொருத்தமானதே.

ஒரு வீடு, ஒரு கைபேசி

இரண்டாவது குறை, வீட்டைப் பற்றியது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இயந்திரம், அதற்கென ஓர் அறை என்று கதை எளிதாக எழுதிச் செல்கிறது. 2020 மார்ச்சில் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டபின் நான் பௌதிகப் பாடத்தைக் கைபேசி வழியே நடத்தினேன். காலை வகுப்புக்கு ஒரு மாணவி வருவதேயில்லை. விசாரித்தபோது, "அப்பா வேலைக்குப் போகும்போது போனைக் கொண்டுபோயிடுறாங்க சார். ராத்திரி தம்பி பாடம் முடிச்சப்புறம்தான் எனக்குக் கிடைக்கும்" என்றாள். வருகைப் பதிவேட்டில் அவளுக்குப் பல நாள் 'இல்லை' என்று போட்ட கை என்னுடையது. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

2021-இல் கல்லூரி மீண்டும் திறந்தபோது வேறொன்றையும் கண்டேன். இணையத் தேர்வுகளில் நிறைய மதிப்பெண் பெற்றிருந்த மாணவர்கள் சிலருக்கு, ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைப் பார்த்து அளவு சொல்லத் தெரியவில்லை. நான் இருமுறை விளக்கியும் விளங்காதது, பக்கத்திலிருந்த தோழி, "இந்தக் கோடு மேலே இருக்கிற கோட்டோட நேரா நிக்குது பாருடி" என்று விரலால் காட்டியதும் விளங்கிவிட்டது. மார்ஜி ஏங்கியது வெறும் விளையாட்டுக்கன்று, இந்த விரலுக்குத்தான். நம் மாநில அரசும் அதே ஆண்டில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற பெயரில், ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரையுள்ள பிள்ளைகளுக்காக மாலை வேளைகளில் அண்டை வீட்டுத் தன்னார்வலர்களை அழைத்தது. திரை விட்ட இடத்தை நிரப்பக் கடைசியில் மனிதரைத்தானே தேடினோம்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய பள்ளியை அசிமோவ் சற்று அதிகமாகவே இனிப்பாக்கிவிட்டார். பிரம்பையும், ஐயம் கேட்டால் நகைக்கும் வகுப்பையும், பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைகளையும் அவர் மார்ஜிக்குச் சொல்லவில்லை. பதிவு செய்த பாடத்தைக் கேட்கக் கூச்சப்படும் மாணவன் நான்கு முறை திருப்பிக் கேட்கலாம். அது சிறிய உதவியன்று.

ஆகவே வாசகர்களே, இக்கதையை உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள். வருங்காலத்தின் வரைபடமாக அன்று, நம் வீட்டைப் பார்த்துக் கேட்கும் கேள்வியாகப் படியுங்கள். புதிய கருவியோ செயலியோ உங்கள் வீட்டுக்குள் நுழையும்போது இரண்டைக் கேளுங்கள்: இது எதை அளக்கிறது? இதன் குமிழ் யார் கையில் இருக்கிறது? விடை தெரியும்வரை, பிள்ளையின் பக்கத்தில் நீங்களே சற்று நேரம் உட்காருங்கள்.