கோப்பின் இருப்பிடமும் சான்றின் அடையாளமும்: ஆனேக்கல் கல்வெட்டுத் தொகுப்பை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

ஆய்வுச் சான்றுகளைத் தொகுத்து மேற்கோளாக்கித் தரும் துணைநூற்பட்டியல் மென்பொருள்கள் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இன்றியமையாத கருவிகளாகியுள்ளன. அவற்றுள் 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஜோடெரோ பரவலாக வழங்குவது. கோப்புகளின் இருப்பிடத்தை அது சுட்டும் முறை தமிழ்ச் சான்றுகளுக்கு எந்த அளவு பொருந்துகிறது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆனேக்கல் வட்டத்துத் தமிழ்க் கல்வெட்டுகளின் படிமங்களைத் தொகுத்துவந்த இக்கட்டுரையாளர் கணிப்பொறியை மாற்றியபோது நூற்குறிப்புகள் யாவும் அப்படியே இருந்தன. அவற்றோடு பிணைத்த படிமங்களுள் ஒன்றும் திறக்கவில்லை. கோப்புகள் அழியவில்லை, அவற்றைச் சுட்டிய பாதைகளே பொருளிழந்தன. படிமத்தைக் காணாமல் பாடத்தைச் சரிபார்க்க இயலாது என்பதால் இதனை வெறும் தொழில்நுட்ப இடராகக் கொள்ள இயலாது.

2. முழுப்பாதையும் சார்புப்பாதையும்

ஜோடெரோவில் கோப்பைத் தன் களஞ்சியத்தில் சேமித்தல், இருக்கும் இடத்திலேயே விட்டு இணைத்தல் என இரு முறைகள் உள. இரண்டாவதில் வட்டின் பெயர் தொடங்கிக் கோப்பின் பெயர் வரையுள்ள முழுப்பாதை பதிவாகிறது. பயனர் பெயர் மாறினும் பாதை பிழைபடும். அடிக்கோப்புறை ஒன்றை வரையறுத்துவிட்டால் அதற்குட்பட்டவை சார்புப்பாதைகளாகப் பதிவாகும்.

சார்புப்பாதை சுட்டுச்சொல் போன்றது. 'அங்கு' என்பதன் பொருள் பேசுவோன் நிற்கும் இடத்தால் அமைவதுபோல, இதன் பொருள் அடிக்கோப்புறையால் அமைகிறது. அவ்வமைப்பு ஒவ்வொரு கணிப்பொறியிலும் தனித்தனியே குறிக்கப்படுவதால், வட்டு வேறாயினும் இணைப்பு நிலைக்கும். இது போற்றத்தக்க ஏற்பாடே. ஆயின் கோப்பை இணைக்கும் வேளையில் மென்பொருள் இதனை நினைவூட்டுவதில்லை. அறியாதார் முழுப்பாதைகளையே குவிக்கின்றனர். இணைப்புக் கோப்புகள் ஒத்திசைவில் செல்லா. குழு நூலகங்களில் அவற்றுக்கு இடமும் இல்லை. கூட்டாய்வுக்கு இவை பெருங்குறைகள்.

3. பெயரிடுதல்

பி. லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாட்டிகா ஒன்பதாம் தொகுதி, பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை வட்டவாரியாக எண்ணிட்டுத் தருகிறது. தொகுதி, வட்டம், எண் என்ற இவ்வடுக்கும் ஒரு சார்புப்பாதையே. 1972 முதல் வெளிவரத் தொடங்கிய திருத்திய பதிப்பில் எண்கள் மாறியமையால், எப்பதிப்பு என்று கூறாத எண் பயன்தராது.

கோப்புறைகளை மாவட்டப் பெயரால் பகுத்தல் பொருந்தாது. அத்தொகுதியில் ஆனேக்கல்லோடு இடம்பெற்ற மாகடி, சென்னபட்டணம் ஆகியவை 2007இல் இராமநகர மாவட்டத்திற்குச் சென்றன. நிருவாக எல்லை மாறும், பதிப்பெண் மாறாது.

4. எழுத்துக் குறியீடு

தமிழ்ப் பெயர்களுக்கு மேலும் ஓர் இடர் உண்டு. ஒருங்குறியில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; அவற்றை ஒருமைப்படுத்தாத கோப்பு முறைமைக்கு அவை வேறு பெயர்கள். ஆப்பிள் கணிப்பொறிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து பெயர்ந்த கோப்பைப் பட்டியலிலுள்ள பாதை காணாதுபோகக் கூடும். மேலும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் கொள்ளும். கோப்புப் பெயருக்கு 255 பைட்டு வரம்புள்ள லினக்ஸ் முறைமைகளில் 85 குறியீடுகளே அடங்கும். குறியீடு என்பது எழுத்தன்று; 'கொ' ஒன்றே குறைந்தது இரண்டு குறியீடுகளாகும்.

5. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: கணிப்பொறியை மாற்றுமுன், பழைய கணிப்பொறியிலேயே அடிக்கோப்புறையை வரையறுத்தல் வேண்டும். கோப்புப் பெயர் உரோமன் எழுத்திலும் எண்ணிலும் சுருக்கமாக அமைதல் நன்று. தமிழ்த் தலைப்பு நூற்குறிப்பின் புலத்தில் முழுமையாக இடம்பெறலாம். பதிப்பும் எண்ணும் அதே குறிப்பில் இருத்தல் வேண்டும். பாதை அறுந்தாலும் சான்றை மீட்கத் துணைசெய்வது அவ்வடையாளமே. கோப்பு எங்குள்ளது என்பதை மென்பொருளிடம் விடலாம்; சான்று எது என்பதை வரையறுப்பது ஆய்வாளர் கடமையாகும்.