கரித்தண்டின் நீளம் சொல்வதும் சொல்லாததும்

நுண்துளைக் கரியின் உட்பரப்பில் ஆவியின் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்தல் என்பர். அப்போது கரி அசையாத சுவராக நிற்கிறது என்று வைத்துக்கொண்டே கணக்கிடுவது நெடுநாள் வழக்கம். 1927இல் மீஹன் கரியமில வாயுவை ஏற்றியும், அடுத்த ஆண்டில் பாங்ஹாம், ஃபக்கூரி ஆகிய இருவர் பல்வேறு வாயுக்களையும் ஆவிகளையும் ஏற்றியும் கரி நீள்வதை அளந்து காட்டினர். கரித்தண்டின் நீள மாற்றத்தைக் கொண்டு துளைகளுக்குள் நடப்பதை உய்த்துணரும் முறை அங்கிருந்து வளர்ந்தது.

கொட்டாங்கச்சிக் கரிக் குருணையை வைத்து இதைச் செய்ய இயலாது. ஒவ்வொரு குருணையும் விரிந்தாலும் அவை ஒன்றன்மேல் ஒன்று சரிந்து இடத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். ஆகவே கரியைத் தண்டாக வார்த்து, காற்றை வெளியேற்றி, ஆவியைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டு நீளத்தைக் குறிக்கிறார்கள். 10 செ.மீ. தண்டு 0.2 விழுக்காடு நீண்டால் மாற்றம் 0.2 மி.மீ., அதாவது இரண்டு மூன்று தலைமயிர்களின் தடிமன். சில வேளை தண்டு சுருங்குவதும் உண்டு; அந்த மாற்றமோ இதனினும் சிறியது. தண்டைத் தாங்கும் எஃகுச் சட்டம் ஒரு டிகிரி சூடேறினாலே அந்நீளத்தில் ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல் பிழை புகுந்துவிடும். இத்தனை இடர்ப்பாட்டுக்கும் ஈடான பயன் இம்முறையில் உண்டு. எவ்வளவு ஆவி உள்ளே போயிற்று என்பதை மட்டுமே எடைக்கணக்கு சொல்ல, போன ஆவி சுவரைத் தள்ளுகிறதா இழுக்கிறதா என்பதை நீளம் சொல்கிறது.

ஆனால் அளவீட்டுக்குத் தரப்பட்ட முதல் விளக்கம் அளவீட்டைவிடக் குறுகியது. ஆவி ஒட்டும்போது கரியின் பரப்பு ஆற்றல் குறைகிறது, அக்குறைவுக்கு நேர்விகிதத்தில் கரி நீள்கிறது என்பது பாங்ஹாமின் விதி. ஒட்டுதல் பரப்பு ஆற்றலை என்றும் குறைக்கவே செய்யும் என்பதால், இவ்விதியின்படி கரிக்கு விரிவதைத் தவிர வேறு வழியில்லை. 1947இல் ஹெய்ன்ஸ், மக்கின்டாஷ் ஆகியோர் கரித்தண்டுகளில் கரிம ஆவிகளை ஏற்றியபோது, தாழ்ந்த அழுத்தத்தில் தண்டு முதலில் சுருங்கிப் பின்னரே விரிந்தது.

இச்சுருக்கத்தின் காரணம் துளையின் அகலத்தில் இருக்கிறது. மூலக்கூறின் தடிமனைவிடச் சற்றே ஒடுங்கிய பிளவில் அது ஆப்பாகச் செருகிச் சுவர்களை விலக்கும். சற்று அகன்ற பிளவிலோ இருபுறச் சுவர்களையும் ஒருங்கே கவர்ந்து அவற்றை நெருங்கச் செய்யும். அழுத்தம் கூடி மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிறையும்போது இழுப்பு தள்ளலாக மாறுகிறது. 2 நானோமீட்டருக்கு மேற்பட்ட துளைகளில் வேறொரு சுருக்கம் நேர்கிறது: ஆவி நீர்மமாகி, அதன் குழிந்த மேற்பரப்பின் இழுவிசை சுவர்களை உள்வாங்கும், தெவிட்டிய நிலையை அணுக அணுக அது தளரும். வரைபடத்தில் இரண்டும் பள்ளங்களே என்றாலும், ஒன்றை மற்றதன் காரணத்தால் விளக்குவது தவறு.

முறையின் அடிப்படைக் குறை இங்குதான் தலைகாட்டுகிறது. ஒரே தண்டில் எல்லா அகலத் துளைகளும் கலந்திருப்பதால், சில தள்ள, சில இழுக்க, கருவி காட்டுவது மிச்சத்தை மட்டுமே. நீளம் மாறாத அழுத்தத்தில் கரி வாளாவிருக்கிறது என்று கொள்ளலாகாது. அங்கே இருதரப்பு விசைகளும் சரிநிகராக மோதிக்கொண்டிருக்கக்கூடும். 2008இல் கோவால்சிக், சியாக், நெய்மார்க் ஆகியோர் துளையகலப் பரவலையே கணக்கில் சேர்த்தது இவ்வகையில் பெரிய முன்னேற்றம். எனினும், விசையைத் திரிபாக, அதாவது நீளமாற்ற விகிதமாக, மாற்றித்தரும் மீட்சிக் குணகத்தைத் தனியே அளக்காமல் வளைகோட்டுக்குப் பொருந்துமாறு தேர்ந்துகொண்டால், கோட்பாடு எந்த அளவீட்டோடும் இணங்கிப்போகும். அத்தகைய இணக்கத்துக்குச் சான்று மதிப்பு குறைவு.

இவ்விளக்கங்கள் யாவும் கரி மீட்சித்தன்மை உடையது என்னும் எடுகோளின்மேல் நிற்பவை. ஆவியை முற்றிலும் வெளியேற்றியபின் தண்டு பழைய நீளத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பதே அதற்கான எளிய சோதனை. ஏறுமுகக் கோட்டை மட்டும் தரும் அளவீட்டில், கண்ட விரிவில் எவ்வளவு மீளக்கூடியது, எவ்வளவு கரியின் கட்டமைப்பே குலைந்ததால் வந்தது என்று பிரித்தறிய வழியில்லை.