லிங்கன் கொலை: பொதுவரலாறும் நாடக வழக்கும்

வரலாற்றைக் கற்றோர்க்கே உரிய துறையாக வையாது, பொதுமக்களும் விரும்பிப் படிக்குமாறு கதைப்போக்கில் எழுதப்பெறும் நூல்களைப் பொதுவரலாறு எனலாம். அரசியல் தலைவர்களின் கொலை இவ்வகை நூல்களுக்கு மிகவும் ஏற்ற பொருளாகும். தலைவன், பகைவன், களம், முடிவு என்னும் நாடக உறுப்புக்கள் அதன்கண் இயல்பாகவே அமைந்துள்ளன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டதோ நாடக அரங்கிலேயே, சுட்டவனும் நடிகன். 1865 ஏப்பிரல் 14ஆம் நாள் இரவு, வாஷிங்டன் நகரத்துப் போர்டு அரங்கில், ஜான் வில்க்ஸ் பூத் என்பான் அவரைச் சுட்டான். மறுநாட் காலை 7 மணி 22 நிமிடத்தில் அவர் உயிர் நீத்தார். இந்நிகழ்ச்சி பற்றிய பொதுவரலாறுகளை இலக்கிய மாணவர் எங்ஙனம் படித்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்பெறுகின்றது.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்ததே அகப்பாட்டின் புலனெறி வழக்கம் என்பது தொல்காப்பியர் கொள்கை. பொதுவரலாறும் இவ்விரண்டும் இயைந்ததே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அகப்பாட்டில் தலைமக்கள் இயற்பெயர் சுட்டப்பெறார். ஆதலின் ஆண்டுப் புனைவு எவர்க்கும் பழி தாராது. வரலாற்றிலோ பெயர்கள் யாவும் இயற்பெயர்களே. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு சில கூறுகளை நோக்குவோம்.

முதலாவது கனவு. கண்ணகி தேவந்திக்கு உரைக்கும் கனவு, பின் வருவதை முன் உணர்த்தும் காப்பிய உத்தி. அது மெய்யாகவே கண்ட கனவோ என ஆண்டு எவரும் வினவார். லிங்கனைப் பற்றி இரு கனவுகள் வழங்குகின்றன. கப்பலொன்றில் இனந்தெரியாத கரை நோக்கி விரைவதாகத் தாம் கண்ட கனவை, இறுதி நாளன்று அவர் அமைச்சரவையில் உரைத்தார். கடற்படை அமைச்சர் கிதியோன் வெல்ஸ் அதனைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். போர்முனையிலிருந்து நற்செய்தி வருதற்கு அறிகுறி என்றே லிங்கன் அதற்குப் பொருள் கொண்டார். மற்றொன்று, வெள்ளை மாளிகையில் தம் உடலே கிடத்தப்பட்டிருக்கக் கண்டார் என்பது. அவர் நண்பர் வார்டு ஹில் லாமன் கூறியதாகிய இது, கொலை நிகழ்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அச்சேறியது. பொதுவரலாறுகள் பெரிதும் விரும்புவது இவ்விரண்டாம் கனவையே. சான்று வலியது முந்தையது. நாடகச் சுவை மிக்கது பிந்தையது. முடிவை அறிந்தோர் அதனைத் தொடக்கத்திலேயே நிறுத்தி, தற்செயலை ஊழாக்கிவிடுகின்றனர்.

இரண்டாவது காலம். விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணம் பற்றி ஒரு காலச்சொல் மற்றொரு காலத்திற்கு வருதலை இலக்கணம் அமைதியாகக் கொள்ளும். பில் ஓ'ரெய்லியும் மார்ட்டின் டுகார்டும் 2011இல் வெளியிட்ட ‘கில்லிங் லிங்கன்’ பெரும்பாலும் நிகழ்காலத்திலேயே நடைபெறுகின்றது. இவ்வமைதியால் விரைவு கிட்டுவது உண்மை. ஆயின், நிகழ்கால நடையில் ஆசிரியர் உடனிருந்து கண்டார் போலத் தோன்றுதலின், இஃது எவர் கூற்று என்னும் வினா படிப்போர் உள்ளத்தில் எழுவதில்லை. 1909இல் கட்டப்பட்ட நீள்வட்ட அலுவலறை லிங்கன் காலத்திலேயே இருந்ததாக அந்நூலின் முதற் பதிப்பு எழுதியமை இங்குக் கருதத்தக்கது. இத்தகைய பிழைகள் பற்றி, போர்டு அரங்கிலுள்ள தேசியப் பூங்காத் துறையின் புத்தகக்கடை அந்நூலை விற்பனைக்கு ஏற்கவில்லை.

மூன்றாவது வினா. வேதியியலறிஞராகிய ஆட்டோ ஐசென்ஷிமல், லிங்கன் ஏன் கொல்லப்பட்டார் எனப் பொருள்படும் தலைப்பில் 1937இல் ஒரு நூல் எழுதினார். படைத்தலைவர் கிராண்டு அன்றிரவு நாடகத்திற்கு வாராதது ஏன்? தந்தித் தொடர்பு அற்றது ஏன்? இங்ஙனம் வினாக்களை அடுக்கிப் போர் அமைச்சர் எட்வின் ஸ்டாண்டன் மீது ஐயம் படருமாறு அவர் செய்தார்; நேரே குற்றம் சாட்டினாரல்லர். கிராண்டு தம் மக்களைக் காண நியூ ஜெர்சி புறப்பட்டுச் சென்றார். அற்றது வணிகத் தந்தியே, படைத்துறைத் தந்தி அன்று. வில்லியம் ஹாஞ்செட் 1983இல் வெளியிட்ட நூல் இவ்வையங்களை ஆராய்ந்து மறுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்டாண்டன் பெயர் கொலைப்பழியோடு சேர்த்தே பேசப்பட்டது. விடை கூறாது விடும் வினாவும் ஒரு கூற்றே என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

இவற்றினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அது கொலையின் காரணம் மறைதல். 1865 ஏப்பிரல் 11ஆம் நாள், வெள்ளை மாளிகைப் பலகணியினின்று லிங்கன் நிகழ்த்திய உரையில், கல்வியறிவு மிக்க கறுப்பினத்தவர்க்கும் படையில் தொண்டாற்றியவர்க்கும் வாக்குரிமை அளித்தலைத் தாம் விரும்புவதாகக் கூறினார். கூட்டத்தில் நின்று கேட்ட பூத், இதுவே அவரது இறுதி உரையாகும் எனச் சூளுரைத்தான் என்பர். அதற்கு முன்னர் அவன் திட்டம் லிங்கனைக் கடத்திச் செல்வதே. கனவும் ஊழும் மறைசூழ்ச்சியும் முன்னிற்கும் நூலில், அடிமை முறையும் அதனைக் காக்க எழுந்த பகையும் பின்னணித் திரையாகிவிடுகின்றன. கொன்றவன் வெறியன் என்றோ, பிறர் கைக்கருவி என்றோ படிப்போர் அமைதி கொள்கின்றனர். அவன் எந்த உரிமையைத் தடுக்கக் கொன்றான் என்பதை மறக்கின்றனர்.

இதனால் பொதுவரலாறு தள்ளத்தக்கது என்பது கருத்தன்று. ஜிம் பிஷப் 1955இல் எழுதிய நூல் அந்நாளை மணிதோறும் பகுத்துரைக்கின்றது. கலைந்து கிடந்த செய்திகளைக் காலமுறையில் நிரல்படுத்திய அதன் பயன் சிறிதன்று. இத்தகைய நூல்களைக் கற்போர், கண்டவர் எவர், எழுதியது எப்போது, ஆசிரியர் அறிந்தவாறு எங்ஙனம் என்னும் மூன்றையும் ஒவ்வொரு காட்சியிலும் வினவுதல் வேண்டும். பாடம் ஓதுங்கால் மூலத்தையும் இடைச்செருகலையும் பிரித்தறியப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல.